காக்ளியர் இம்ப்ளான்ட்டும் வீட்டில் பேசும் மொழியும்: குமரி மாவட்டக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேட்காத காதின் உள்ளே வைத்து ஒலியை நேரே நரம்புக்குக் கொடுக்கும் கருவிதான் காக்ளியர் இம்ப்ளான்ட். அந்த ஆபரேஷன் முடிந்து, காதுக்குப் பின்னால் மாட்டும் பிராசசரை ஆன் செய்து, மேப்பிங்குக்கும் (கருவியை அவரவர் காதுக்கு ஏற்றபடி அமைப்பது) பேச்சுப் பயிற்சிக்கும் போய்வரும் குடும்பங்களுக்காக எழுதியது இது. குழந்தைக்குச் சொல் சரியாகப் புரியவில்லை என்றால் எல்லோரும் முதலில் கருவியைத்தான் சந்தேகிக்கிறார்கள். பல வேளைகளில் தப்பு கருவியில் இல்லை. எந்த மொழியில் கேட்டோம், எந்த ஊர்ச் சொல்லில் கேட்டோம், குழந்தை அதை முன்பு எத்தனை முறை கேட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது.

வெளிநாட்டில் ஆங்கிலத்துக்காகச் செய்த கருவி தமிழுக்குச் சரிப்படுமா?

சரிப்படும். கருவிக்கு மொழி தெரியாது. மைக்கில் விழும் ஒலியை அலைவரிசை வாரியாகப் பிரித்து, உள்காதின் நத்தை எலும்புக்குள் இருக்கும் எலெக்ட்ரோடுகள் வழியாக நரம்புக்கு மின்துடிப்பாக அனுப்புவதோடு அதன் வேலை முடிகிறது. எலெக்ட்ரோடுகளின் எண்ணிக்கை கம்பெனியைப் பொறுத்து 12, 16, 22 என்று மாறும். இயல்பான காதில் இந்த வேலையைச் செய்பவை சுமார் 3,500 உள் மயிர்ச்செல்கள். அதோடு, பக்கத்துப் பக்கத்து எலெக்ட்ரோடுகளின் மின்னோட்டம் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால், பேச்சைப் புரிந்துகொள்ள உண்மையில் தனித்தனியாக உதவும் வழிகள் பலருக்கும் 8 அளவில்தான் தேறும்.

ஒலி எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நீண்டது, எங்கே அறுந்தது, எங்கே பலமானது என்பதையெல்லாம் கருவி நன்றாகக் கொடுக்கும். ஒலியின் நுண்ணிய நிறத்தையும் சுருதியையும் மங்கலாகத்தான் கொடுக்கும். எந்த மொழி எதை நம்பிப் பொருளைப் பிரிக்கிறதோ, அதைப் பொறுத்து அந்த மொழிக்காரருக்குச் சிரமம் கூடும் அல்லது குறையும். சீன மாண்டரினில் சுருதி மாறினால் சொல்லின் பொருளே மாறிவிடும். ஆகவே அங்கே இம்ப்ளான்ட் வைத்தவர்களுக்குத் தனிச் சிரமம் உண்டு. தமிழுக்கு அந்தப் பாடு இல்லை. தமிழுக்கு வேறு பாடு உண்டு.

தமிழில் எது சுலபமாகப் பிடிபடும்? எது நழுவும்?

குறில் நெடில் சுலபமாகப் பிடிபடும். கொடி–கோடி, முடி–மூடி, எடு–ஏடு போன்ற சோடிகளில் வேறுபாடு பெரும்பாலும் நேர அளவுதான், அதைக் கருவி ஒழுங்காகக் கடத்துகிறது. ஒற்று இரட்டிப்பதும் அப்படியே. காது–காத்து என்று சொல்லிப் பாருங்கள். "த்து" வரும் இடத்தில் ஒலி ஒரு கணம் அறுந்து நிற்கும். அந்த நிறுத்தம் இம்ப்ளான்ட் காதுக்குத் தெளிவாகவே தெரியும். பேச்சு வழக்கு இன்னும் கை கொடுக்கும். எழுத்தில் கல்–கால். வீட்டில் நாம் சொல்வது கல்லு–காலு. ஒன்றில் உயிர் குறுகி ஒற்று இரட்டிக்கிறது, மற்றதில் உயிர் நீண்டு ஒற்று ஒற்றையாக நிற்கிறது. குழந்தைக்கு ஒரே சொல்லில் இரண்டு அடையாளம் கிடைக்கிறது. பயிற்சியைக் "கல்–கால்" என்று தொடங்காமல் "கல்லு–காலு" என்று தொடங்குங்கள் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

நழுவுவது நாக்கு எங்கே தொடுகிறது என்பதை வைத்துப் பிரியும் ஒலிகள். புலி–புளி, வால்–வாள், மனம்–மணம், வலி–வழி, கோலி–கோழி. ல, ள, ழ மூன்றும் நேர அளவிலும் பலத்திலும் ஏறக்குறைய ஒன்றே. பிரிப்பது ஏறத்தாழ 1500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் ஒலியாற்றல் எங்கே குவிகிறது என்பதுதான். அந்த இடத்தில் கருவியின் வழிகள் போதாமல் போகின்றன. போதாக்குறைக்கு, நாக்கு வாய்க்குள்ளே மடிவதால் உதட்டைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. ப, ம, வ ஆகியவற்றுக்காவது உதடும் பல்லும் துணை நிற்கும். வல்லினத்தில் சொல்லின் முதலெழுத்தும் இப்படிக் குழம்பும். கடை, தடை, படை, சடை என்ற நாலும் சோதித்துப் பார்க்க நல்ல சொற்கள்.

"வந்தான்", "வந்தாள்" இரண்டையும் மாற்றிச் சொல்கிறான். இலக்கணம் வரவில்லையா, கேட்கவில்லையா?

பெரும்பாலும் கேட்கவில்லை. தமிழ் வினைச்சொல்லில் ஆணா பெண்ணா என்பது கடைசி மெய்யில் இருக்கிறது. சொல்லில் குரல் மிகவும் தாழ்ந்து விழும் இடமும் அதுவே. பேச்சில் இன்னும் மோசம்: "வந்தாள்" என்பதில் ள் விழுந்து "வந்தா" ஆகிறது, "வந்தான்" என்பதில் ன் கரைந்து மூக்கொலியாக மட்டும் மிஞ்சுகிறது. நல்ல காது உள்ள குழந்தை இதை ஆயிரம் தடவை கேட்டுப் பிரித்துக்கொள்கிறது. இம்ப்ளான்ட் குழந்தைக்கு மூக்கொலி ஏறிய "ஆ"வும் ஏறாத "ஆ"வும் அருகருகே ஒலிக்கின்றன.

வழி இருக்கிறது. ஆரம்ப மாதங்களில் எழுவாயை விடாமல் சொல்லுங்கள்: "அண்ணன் வந்தான்", "அக்கா வந்தாள்". கடைசி மெய்யை முழுதாக உச்சரியுங்கள், ஆனால் கத்தாதீர்கள். கத்தினால் உயிரொலிதான் பெருக்கும், மெய் அதற்கு அடியில் புதையும். பிறகு "வந்தானா, வந்தாளா?" என்று கேளுங்கள். கேள்விக்குரிய ஆ சேரும்போது ன், ள் சொல்லின் நடுவுக்கு வந்து தெளிவாகின்றன. இந்த ஒரு உத்தி நல்ல பலன் தருகிறது.

எங்கள் வீட்டில் மலையாளம். களியக்காவிளை பக்கம். தமிழ்ப் பயிற்சியாளரிடம் போகலாமா?

போகலாம், ஆனால் அவரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. விளவங்கோடு பக்கத்து வீடுகளில் இரண்டு மொழியும் கலந்து புழங்குவது பயிற்சியாளர் பலருக்குத் தெரியும், ஆனால் உங்கள் வீட்டில் எது எவ்வளவு என்பது தெரியாது.

இரண்டு மொழியும் காதிடம் கேட்பது வேறு வேறு. மலையாள வினையில் ஆண் பெண் ஈறு கிடையாது. அவன், அவள், அவர் எல்லாருக்கும் "வந்நு" ஒன்றே. ஆகவே மேலே சொன்ன வந்தான்–வந்தாள் குழப்பம் மலையாளக் குழந்தைக்கு வராது. அந்தக் குழந்தை தமிழுக்கு மாறும்போது சொல்லின் வாலைக் கவனிக்கப் பழகியிருக்காது. மறுபக்கம், மலையாளத்தில் ப ஒன்றே pa, pha, ba, bha என்று நாலாகப் பிரியும், குரலொலியும் மூச்சொலியும் பொருளைப் பிரிக்கும். பயன் என்ற பொருளில் வரும் சொல்லும் வலிமை என்ற பொருளில் வரும் சொல்லும் தமிழ் எழுத்தில் "பலம்" என்றே விழும், மலையாளத்தில் முதலொலி வேறு. நல்ல செய்தி என்னவென்றால் குரலொலி வேறுபாடு நேரத்தைச் சார்ந்தது, அதைக் கருவி ஓரளவு நன்றாகவே தரும். தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த குழந்தை அதைப் பிரிக்கவில்லை என்றால் செவிக்குறை என்று எண்ண வேண்டாம். அதன் மொழி அதைப் பிரிக்கச் சொன்னதே இல்லை.

இரண்டு மொழியில் ஒன்றை விட்டுவிடச் சொல்கிறார்களே?

விட வேண்டிய கட்டாயம் இல்லை. இம்ப்ளான்ட் குழந்தைகளும் இரண்டு மொழி கற்கிறார்கள். முன்னேற்றத்தைப் பெரிதும் தீர்மானிப்பவை வேறு: எந்த வயதில் கருவி வைத்தது, அதற்கு முன் எவ்வளவு காலம் ஒலியே இல்லாமல் போனது, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பிராசசர் காதில் இருக்கிறது, வீட்டில் எவ்வளவு பேச்சு நடக்கிறது.

ஆனால் ஒரு மொழி நன்றாக வேரூன்ற வேண்டும். அது வீட்டில் யார் அதிகம் பேசுகிறாரோ அவர் சரளமாகப் பேசும் மொழியாக இருக்கட்டும். அம்மாவுக்கு மலையாளம் சரளம், தமிழ் தட்டுத்தடுமாறி என்றால், அவர் தமிழில் பேச முயன்றால் குழந்தைக்குக் கிடைப்பது பாதி வாக்கியங்கள். தாலாட்டும் கொஞ்சலும் கதையும் திட்டும் எந்த மொழியில் தானாக வாயில் வருகிறதோ அதில் பேசட்டும். அப்பா தமிழில் பேசினால் பேசட்டும். ஒரே வாக்கியத்துக்குள் பாதி அது பாதி இது என்று கலப்பதை மட்டும் முதல் ஆண்டில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே பொருளுக்கு வீட்டில் இரண்டு பெயர் இருந்தால் இரண்டையும் தெரிந்தே கொடுங்கள். ஆச்சி வீட்டில் "வெள்ளம்" குடிக்கும் பிள்ளைக்குப் பள்ளியில் "தண்ணீர்", பாடப்புத்தகத்தில் "நீர்". வெள்ளம் என்றால் பெருக்கு என்று டீச்சர் சொல்வார். நல்ல காதுள்ள பிள்ளை அங்கே இங்கே காதில் விழுவதை வைத்து இதைச் சரிசெய்துகொள்ளும். இம்ப்ளான்ட் பிள்ளைக்கு அப்படித் தற்செயலாக விழுவது குறைவு. நேரே சொல்லித்தான் தர வேண்டும்.

இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கப் போகிறோம். இப்போதே வீட்டில் இங்கிலீஷில் பேசட்டுமா?

வேண்டாம். உங்களுக்குச் சரளமாக வராத மொழியில் பேசினால் நாள் முழுக்க "கம், கோ, சிட், ஈட்" என்று நாலு கட்டளைதான் தேறும். வீட்டு மொழியில் காரணம் சொல்லவும் கேள்வி கேட்கவும் கதை சொல்லவும் தெரிந்த பிள்ளை அந்த அறிவை ஆங்கிலத்துக்கு எடுத்துப் போகும். பள்ளி மொழியின் சொற்களைப் பாடத்துக்கு முந்தின நாள் மாலையிலேயே வீட்டில் காட்டிச் சொல்லிக்கொடுங்கள். பத்துச் சொல் போதும்.

திருவனந்தபுரத்தில் சொல்லைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் டெஸ்ட் எடுத்தோம். 48 சதவீதம் என்றார்கள். கருவி கோளாறா?

முதலில் மூன்று விஷயம் கேளுங்கள்: எந்த மொழிச் சொற்பட்டியல், பதிவு செய்த குரலா நேரில் வாசித்ததா, எத்தனை சொற்கள்.

நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் பலர் திருவனந்தபுரம் போகிறார்கள். மலையாளப் பட்டியலில் தமிழ்க் குழந்தைக்கு 48 வந்தால் அது காதின் மதிப்பெண் அல்ல, காதும் மொழியறிவும் சேர்ந்த மதிப்பெண். தெரியாத சொல்லைக் கேட்பவர், கேட்காத பகுதியை ஊகித்து நிரப்ப முடியாது. தெரிந்த சொல்லில் பாதி கேட்டாலே மீதியை மூளை நிரப்பிவிடும். தமிழ்ப் பட்டியல் கேளுங்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் அங்கே இல்லையென்றால், குரல் அளவை ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) கண்காணிக்க, குடும்பத்தில் ஒருவர் வாசிக்கலாமா என்று கேட்கலாம். அந்த மதிப்பெண்ணைப் பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிடக் கூடாது. வாசிக்கும் குரல் மாறினாலே மதிப்பெண் மாறும்.

பட்டியலில் 25 சொல் என்றால் ஒரு சொல்லுக்கு 4 சதவீதம். 25க்கு 12 சரி என்றால் 48. அவ்வளவு சிறிய பட்டியலில் தற்செயலின் பங்கு பெரிது. அந்தப் பிள்ளையின் உண்மையான திறன் ஏறத்தாழ 30க்கும் 70க்கும் இடையே எங்கும் இருக்கலாம். போன தடவை 56, இந்தத் தடவை 48 என்றால் இரண்டு சொல்தான் வித்தியாசம். அதற்காக உறக்கம் கெட வேண்டாம். அதே மொழி, அதே பதிவு, அதே ஒலியளவில் இரண்டு மூன்று முறை தொடர்ந்து இறங்கினால் கவனியுங்கள்.

படம் பார்த்துப் பெயர் சொல்லும் டெஸ்டில் ஊர்ச்சொல் இன்னொரு பொறி. குளச்சலிலோ முட்டத்திலோ வளரும் பிள்ளைக்குப் படகுப் படத்தைக் காட்டினால் "வள்ளம்" என்று சொல்லும். மரவள்ளியைக் காட்டினால் "மரச்சீனி". பதநீர் என்றால் முழிக்கும், "அக்கானி" என்றால் தெரியும். வீட்டில் புழங்கும் ஐம்பது சொற்களை ஒரு தாளில் எழுதிப் பயிற்சியாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும். பத்து நிமிடம் போதும். மின்விசிறி, டிவி நிறுத்துங்கள். புது பாட்டரி அல்லது முழு சார்ஜ். இம்ப்ளான்ட் வைத்த பக்கம், ஒரு மீட்டர் தூரத்தில், சற்றுப் பின்னால் உட்காருங்கள். கையால் வாயை மூடக் கூடாது. கை உச்ச ஒலிகளைத் தடுத்துச் சோதனையையே கெடுத்துவிடும். பின்னால் உட்கார்ந்தாலே உதடு தெரியாது.

ஒரு சோடி எடுங்கள், உதாரணமாகப் புலி–புளி. இரண்டு படம் முன்னால் இருக்கட்டும். இரண்டையும் கலைத்துக் கலைத்து 20 தடவை சொல்லுங்கள், பிள்ளை தொட்டுக் காட்டட்டும். முன்கூட்டியே வரிசையை எழுதி வையுங்கள், இல்லையென்றால் தெரியாமலே ஒழுங்கு வந்துவிடும். கண்ணை மூடி ஊகித்தாலே 10 சரி வரும். 15 அல்லது அதற்கு மேல் வந்தால் உண்மையில் பிரிக்கிறது என்று கொள்ளலாம். 12, 13 என்பது ஒன்றையும் நிரூபிக்காது.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். சொல்பவர் நாவில் அந்த வேறுபாடு இருக்கிறதா? ழவை ளவாகச் சொல்பவர் வழி–வளி சோதிக்க முடியாது. கரி–கறி இரண்டையும் பிரித்துச் சொல்லும் பெரியவர்கள் நம் மாவட்டத்தில் உண்டு, எல்லா வீட்டிலும் இல்லை.

முடிவை "சரி, தப்பு" என்று குறிக்காமல் "சொன்னது, காட்டியது" என்று இரண்டு பத்தியாக எழுதுங்கள். ஆடியாலஜிஸ்டுக்கு மதிப்பெண்ணைவிட இந்தத் தாள் பெரிய உதவி.

தினமும் செய்யச் சொல்லும் ஆறொலி டெஸ்டில் "ஷ்"ஷை "ஸ்" என்கிறாள். பரவாயில்லையா?

ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம் என்ற ஆறும் பேச்சின் அலைவரிசைகளைத் தாழ்விலிருந்து உச்சம் வரை தொட்டுப் பார்ப்பவை. ம், ஊ தாழ்ந்தவை, ஷ் இடையுயர்வு, ஸ் உச்சம். ஸ், ஷ் வேறுபாடு வீட்டுத் தமிழில் குறைவு, இரண்டும் "ச"வுக்குள் அடங்கிவிடும். ஆகவே திருப்பிச் சொல்வதில் குழப்பம் வந்தால் ஒலி கேட்டதும் கைதட்டவோ டப்பாவில் ஒரு கட்டையைப் போடவோ முதலில் சொல்லி, கேட்டதா என்று மட்டும் பாருங்கள். கேட்கிறது, பெயர்தான் மாறுகிறது என்றால் பழகப் பழகச் சரியாகும். நேற்று வரை கேட்ட "ஸ்" இன்று கேட்கவே இல்லை என்றால் அது மொழி அல்ல, கருவி.

"ஈ" என்றால் "ஊ" என்று சொல்வதைத் தனியாகக் கவனியுங்கள். இரண்டுக்கும் தாழ்ந்த பகுதி ஏறக்குறைய ஒன்றே. ஈயைப் பிரித்துக் காட்டுவது 2000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கும் ஆற்றல். அது போய்ச் சேரவில்லை என்று பொருள்.

மொழிச் சிக்கலா மேப் சிக்கலா என்று எப்படிப் பிரிப்பது?

தெரிந்த சொல்லில் தப்பு, தெரியாத சொல்லிலும் தப்பு, அதே ஒலியில் திரும்பத் திரும்பத் தப்பு என்றால் மேப்பைப் பார்க்க வேண்டும். தெரிந்த சொல் சரி, புதுச் சொல் மட்டும் தப்பு என்றால் மொழி. எல்லா மொழியிலும் ஒரே வாரத்தில் இறங்கினால் கருவி. தமிழில் நன்றாக இருந்து ஆங்கிலத்தில் மட்டும் தடுமாறினால் மொழி.

மேப்பிங்குக்குப் போகும்போது "எத்தனை எலெக்ட்ரோடு அணைத்திருக்கிறது, அவை எந்த அலைவரிசைக்குரியவை" என்று கேட்டு எழுதி வாருங்கள். ல–ள–ழ பகுதியில் இரண்டு மூன்று அணைந்திருந்தால் பயிற்சியாளர் அந்தச் சோடிகளில் பிள்ளையை வாட்டாமல், வாக்கியத்தின் பொருளை வைத்துப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கலாம். "புளி கரைச்சு வை" என்றால் யாரும் புலியைக் கரைக்க மாட்டார்கள்.

மழைக்காலத்தில் திடீரென்று ஒலி மங்குவது நம் ஊரில் சாதாரணம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. கடற்கரையில் உப்புக் காற்று வேறு. இரவில் உலர்த்தும் பெட்டியில் வைப்பதையும் மைக் மூடியைக் கால அட்டவணைப்படி மாற்றுவதையும் விடாதீர்கள். மைக் அடைத்தால் முதலில் போவது ஸ், ச போன்ற உச்ச ஒலிகள். அதைப் பார்த்துப் பிள்ளை மொழியை மறந்துவிட்டது என்று கலங்குபவர்கள் உண்டு.

பெரியவர்களுக்கு எப்படி? அறுபது வயது அப்பாவுக்கு வைத்திருக்கிறோம்.

பேசிக் கேட்டு வாழ்ந்து, பிறகு காது போனவருக்கு மூளையில் தமிழ் முழுதாக இருக்கிறது. புதிய, கீச்சென்ற ஒலியைப் பழைய சொல்லோடு பொருத்துவதுதான் வேலை. முதலில் திரும்புவது சின்ன வயதில் பேசிய மொழி. வளைகுடாவில் இருபது ஆண்டு இந்தியும் ஆங்கிலமும் பேசியவருக்கும் ஊர்த் தமிழ்தான் முதலில் வரும். செய்தித்தாளை அவர் கையில் கொடுத்து, அதே பத்தியை ஒருவர் நிதானமாக வாசிக்க, விரலால் வரியைத் தொடரச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்துத் தாளை மறைத்து வாசியுங்கள். பிறகு வானொலிச் செய்தி. இரண்டாம் மொழியில் போனில் பேசுவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரைச்சலில் ஒன்றுமே புரியவில்லை என்கிறான். ஆங்கில வகுப்பில் இன்னும் மோசம்.

இரண்டாம் மொழியில் இரைச்சலைத் தாங்கும் திறன் எல்லோருக்கும் குறைவு. இம்ப்ளான்ட் வைத்தவருக்கு அது இரட்டிப்பாகும். வகுப்பில் ஆசிரியர் குரல் இரைச்சலைவிட 15 டெசிபலாவது கூடுதலாக இருக்க வேண்டும். தகரக் கூரையில் மழை விழும்போது அது நடக்காது. ஆசிரியர் கழுத்தில் மாட்டும் வயர்லெஸ் மைக் இதற்குத்தான். வாயிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், சட்டைப் பையில் போட்டால் பயனில்லை. மைக் இல்லையென்றால் முதல் வரிசையில், ஜன்னலுக்கும் விசிறிக்கும் எதிர்ப்புறம், இம்ப்ளான்ட் காது ஆசிரியர் பக்கம் இருக்க உட்கார வையுங்கள்.

டிக்டேஷனில் ல, ள, ழ, ன, ண மாற்றி எழுதுகிறாள். டீச்சர் மார்க்கைக் குறைக்கிறார்.

ஆசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள்: இவை அவள் காதுக்கு ஒன்றாகவே வரும் எழுத்துகள், அக்கறையின்மை அல்ல. டிக்டேஷனில் சொல்லைத் தனியாகச் சொல்லாமல் சிறு வாக்கியத்தில் வைத்துச் சொல்லக் கேளுங்கள்: "பூவின் மணம்", "மனம் வருந்தினான்". வீட்டில் இந்தச் சொற்களைக் காதால் மட்டும் கற்பிக்காமல் எழுத்தைக் கண்ணால் பார்த்து, விரலால் எழுதி, வாயால் சொல்லிப் பழக்குங்கள். நாளைக்கு மூன்று சோடி போதும். ள, ண சொல்லும்போது நாக்கு மேலே மடிவதைக் கண்ணாடியில் வாயைத் திறந்து காட்டலாம். சொல்லத் தெரிந்த ஒலியைக் கேட்கும்போது அடையாளம் காண்பது பிறகு சற்று எளிதாகும்.